கீர்த்தனா ஏன் குனிந்தாள்?

போன சனிக்கிழமை என் கையில் ஒரு நூலின் நுனியைக் கொடுத்து, "இதைப் பிடிச்சிக்கினு நில்லுங்க மேடம், வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார்கள்.

வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லித்தானே நம்மை எல்லா வம்பிலும் இழுத்துவிடுகிறார்கள்?

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் தொடக்கப் பள்ளியில் விளையாட்டு விழா. பள்ளிக்கு மைதானம் கிடையாது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைதான் மைதானம். வழக்கமாக டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் அங்கே அடுப்பு மூட்டிச் சாம்பார் சாதம் கிண்டுவார்கள். அன்றும் ஒரு பஸ் வந்திருந்தது. அவர்களைக் கொஞ்சம் ஓரமாகப் போய்க் கிண்டச் சொல்லிவிட்டு, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள்.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்? தலைமை ஆசிரியை வசந்தா, காலை நடையில் எனக்குத் தோழி. "நீங்க பத்திரிகையில எழுதுறவங்க. நடுநிலையா இருப்பீங்க" என்றார். பத்திரிகையில் எழுதுகிறவர்களைப் பற்றி இன்னமும் இப்படி நம்புகிற ஒரு ஜீவன் இருக்கும்போது எப்படி மறுப்பது? போனேன்.

விழாவுக்கு ஸ்பான்சர், ஜவுளிக்கடை முதலாளி நாகலிங்கம். பெரிய பட்டுக் கடை. பிள்ளைகளின் தொப்பி, தண்ணீர் பாட்டில், முதுகில் குத்திய நம்பர் அட்டை... எல்லாவற்றிலும் கடையின் பெயர். நம்பர் சின்னதாக, பெயர் பெரிதாக. தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நம்பர்தான்.

ஒன்பது மணி விழாவுக்கு முதலாளி பத்தரைக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் அணிவகுப்பில் நின்றார்கள். வெயில் என்ன ஸ்பான்சரைப் பார்த்துவிட்டா வரும்? முதல் வகுப்புப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம். ஆளுக்கொரு தாமரைப் பூ வேஷம். அட்டை இதழ்கள் காதை மறைத்ததால் பாட்டு அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்துப் பூவைப் பார்த்துப் பார்த்து ஆடின. நன்றாகத்தான் ஆடின. ஆனால் முதலாளியின் போட்டோகிராஃபர் அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாராம். "இன்னொரு வாட்டி ஆடச் சொல்லுங்க." ஆடின. ஒரு தாமரை மட்டும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணுக்கு வருது மிஸ்" என்றது. அன்றைய மேடையில் கேட்ட ஒரே நேர்மையான அறிக்கை அதுதான்.

பிறகு பேச்சுகள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு ஒரு நன்றியுரை... கடைசியில் ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் இல்லாமல் போயிற்று. பையன்களும் பெண்களும் தனித்தனியாக ஓடுவதாக இருந்ததை ஒன்றாக்கிவிட்டார்கள். பேச்சைச் சுருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

ஆனால் அந்த ஓட்டம் சாதாரண ஓட்டம் இல்லை. வாலாஜாபாத்தில் பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் போட்டிக்கு, இங்கிருந்து ஒரே ஒரு பிள்ளைதான் போகலாம். இதில் முதலாவதாக வருகிற பிள்ளை.

என் பக்கத்தில் சுமதி நின்றுகொண்டிருந்தாள். எங்கள் தெருவில் கடைசி வீடு. புருஷன், பெண்டாட்டி இருவரும் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார்கள். மகள் கீர்த்தனா நான்காம் வகுப்பு.

"ஒரு மாசமா தூக்கத்துல கூட காலை உதைச்சிக்கினு ஓடுது மேடம். வாலாஜாபாத்ல நெஜ கிரவுண்டு இருக்குதாம். ஆளாளுக்குத் தனியா கோடு போட்டு வச்சிருப்பாங்களாம். அதுல ஒரு வாட்டி ஓடணுமாம். தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்குது. ஜெயிக்கலைன்னா நாளைக்கு இது வெளியிலயே வராது" என்றாள்.

எல்லைக் கோட்டில் கட்டுவதற்கு ஆண்டுதோறும் உல்லன் நூல்தான். இந்த ஆண்டு முதலாளி விடவில்லை. "பட்டு நெய்யுற நம்ம ஊர்ல போய் உல்லன் நூலா? அசிங்கம்பா!" என்று கடையிலிருந்து ஆரஞ்சு நிறப் பட்டு நூலை வரவழைத்தார். பிள்ளைகள் மேலே பட்டால் கையை விட்டுவிட வேண்டும், இறுக்கக் கூடாது என்று பி.டி. சார் எங்களிடம் படித்துப் படித்துச் சொன்னார். ஒரு நுனியில் நான். மறு நுனியில் முதலாளியே. பின்னால் கடையின் பேனர். எதிரே போட்டோகிராஃபர், மண்டி போட்டு.

விசில் ஒலித்தது.

பாதிப் பெற்றோர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் ஓடின. எல்லோருக்கும் முன்னால் கீர்த்தனா. செருப்பில்லாத கால். ரெட்டை ஜடை பின்னால் பறக்கிறது. அடுத்த பிள்ளை எங்கேயோ இருக்கிறது. எனக்கு நடுநிலை மறந்துவிட்டது... "வாடி, வாடி!" என்று கத்தினேன்.

நூலுக்கு நாலடி இருக்கும். கூட்டத்தில் இருந்து அம்மாக்களின் குரல், ஒன்றாக:

"ஏய் கீர்த்து! நூலு! நூலு! குனிடி!"

கீர்த்தனா குனிந்தாள். ஓட்டத்தை விடாமல், ஜடை கூட நூலில் படாமல், அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்து வந்தது ரிஹானா. எங்கள் தெரு எம்ப்ராய்டரி டெய்லர் பாஷாவின் மகள். அவளும் குனிந்து போனாள். மூன்றாவதாக மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பையன் வந்தான். நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் மேலே தூக்கி, டி.வி.யில் பார்த்த மாதிரியே நூலில் மோதினான். நூல் என் கையை விட்டுப் போனது. கேமரா 'க்ளிக்' என்றது.

அவன் பெயர் ஹர்ஷித். முதலாளியின் பேரன்.

"ஃபர்ஸ்ட்டு! நம்ம பையன் ஃபர்ஸ்ட்டு!" என்று குதித்தார் முதலாளி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். சேலைக்கான நீள நூல் மொத்தத்தையும் தெருவோடு தெருவாக இழுத்துக் கட்டி, இழை பார்ப்பார்கள். பால் வாங்க எதிர் வீட்டுக்குப் போக வேண்டுமா? குனிந்து போ. பந்து அந்தப் பக்கம் ஓடிவிட்டதா? குனிந்து போய் எடு. ஓர் இழை அறுந்தாலும் வீட்டில் அடி விழும்; அறுந்த நுனிகளைத் தேடி முடிச்சுப் போட்டாக வேண்டும். இங்கே பிள்ளைகள் 'அ'னா எழுதும் முன்பே குனியக் கற்றுக்கொண்டுவிடும். பேரன் வீட்டில் பட்டு விற்கிறார்கள். அங்கே நூல் நடுவீதியில் நிற்பதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதை நான் இங்கே ஒரு பத்தியில் சொல்லிவிட்டேன். மைதானத்தில் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பி.டி. சார் கரூர்க்காரர். நல்ல மனுஷர். ஆனால் அவர் போட்டிருந்த டிராக் சூட்டிலும் கடையின் பெயர் இருந்தது. "விதிப்படி பார்த்தா கோட்டைத் தாண்டுறவங்கதானுங்க ஃபர்ஸ்ட்டு" என்றார். முதலாளி திரும்பிப் பார்த்தார். "ஆனாப் பாருங்க... நூலை ஒடைக்கிறவங்கதான் ஃபர்ஸ்ட்டுன்னும் ஒரு வழக்கம் இருக்குதுங்க" என்றார். பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டார். விசில் இருக்கும் வாயிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை... நல்ல உத்தி.

"நூல் நுனியைப் பிடித்திருந்தவள் நான். என் கண் எதிரே அந்தப் பெண்தான் முதலில் போனாள்" என்றேன்.

"மேடம், நீங்க நடுநிலை. இதுல தலையிடாதீங்க" என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்ததைச் சொல்லாமல் இருப்பதற்குப் பெயர் நடுநிலையா? அப்படியானால் என் இடத்தில் ஒரு முளையை அடித்து நூலைக் கட்டியிருக்கலாமே? அதற்கு மூங்கில் போதும், நான் எதற்கு?

"ஏன் சார் அடம் பிடிக்கிறீங்க? சின்னப் பசங்க ஓட்டம்தானே?" என்று வசந்தா கெஞ்சினார்.

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. முதலாளி மெதுவாக போனை நீட்டினார். பேரன் நெஞ்சில் ஆரஞ்சு நூல், பின்னால் கடை பேனர். அடியில் 'எங்கள் சாம்பியன்' என்று எழுதி, அதற்குள் ஸ்டேட்டஸ் போட்டாகிவிட்டது! "அமெரிக்காவுல இருந்து மச்சினிச்சி கைத்தட்டல் போட்டுட்டா டீச்சர். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வாழ்த்துச் சொல்லிட்டாரு. இப்ப போயி மூணாவதுன்னு சொன்னா இன்னாம்மா நெனைப்பாங்க?"

பார்த்தீர்களா? ஓடி முடித்தது பிள்ளை. ஜெயித்ததை முடிவு செய்தது ஸ்டேட்டஸ்.

வசந்தா ஒரு சமரசம் கண்டுபிடித்தார். நம் ஊரில் சமரசத்துக்குப் பஞ்சமா? நூலோடு வந்ததில் முதல் பரிசு ஹர்ஷித். நூல் இல்லாமல் வந்ததில் முதல் பரிசு கீர்த்தனா. எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் கலையப் பார்த்தது.

"அப்ப வாலாஜாபாத்துக்கு யாரு மிஸ் போவாங்க?" என்று கேட்டாள் சுமதி.

போட்டிக்குப் போகும் வேனில் எங்கள் பள்ளிக்கு ஓர் இடம்தான். நூலோடு ஒருவர், நூல் இல்லாமல் ஒருவர் என்று ஏற்ற முடியாது. சுமதி முன்னால் வந்தாள். "நான்தான் மிஸ் குனின்னு கத்தினேன். பழக்கதோஷம். இன்னொரு வாட்டி வேணும்னாலும் ஓடும் மிஸ். எத்தினி வாட்டி சொன்னாலும் ஓடும். என் வாயால அது போறது கெட்டுடக் கூடாது" என்றாள்.

"சரி, கூப்பிடுங்கள் அந்தப் பிள்ளையை" என்று திரும்பினோம். பிள்ளையைக் காணோம். மூன்று பேரையும் காணோம்.

எங்கே இருந்தார்கள் தெரியுமா? பரிசளிப்புக்காக வகுப்பு பெஞ்சுகளை அடுக்கி மேடை மாதிரி செய்து வைத்திருந்தார்கள்; அதன் மேல். நடுவில், உயரத்தில் கீர்த்தனா. வலது பக்கம் ரிஹானா. இடது பக்கம், கீழ்ப் பெஞ்சில் ஹர்ஷித். அந்த டூரிஸ்ட் பஸ்காரர்கள் கொடுத்த சாம்பார் சாதத்தைத் தொன்னையில் வைத்து மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முக்கால் மணி நேரமாகப் போட்ட சண்டை அவர்களுக்குக் கேட்கவே இல்லை. யார் எங்கே நிற்பது என்று அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

"டேய் ஹர்ஷித், நடுவுல ஏறுடா கண்ணா" என்றார் முதலாளி.

"நான் தேர்டு தாத்தா."

"நூலை நீதானேடா அறுத்த?"

"ஆமா. அவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க, நான் அப்புறமா வந்தேன்."

"ஸ்டேட்டஸ் போட்டுட்டேன்டா..."

ஹர்ஷித் தொன்னையை ரிஹானாவிடம் கொடுத்தான். கையை டிரவுசரில் துடைத்தான். "போனைக் குடு தாத்தா. டெலீட் பண்ணித் தரேன். ஈசிதான்" என்றான்.

முதலாளியைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பேரனை ஒரு நிமிஷம் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு மெடலை எடுத்துக் கீர்த்தனாவின் கழுத்தில் போட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டார். ஆனாலும் போட்டார். சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான். நடுநிலையாவது மண்ணாவது!

ஆக, அடுத்த வாரம் வாலாஜாபாத்துக்குப் போவது கீர்த்தனா.

ஆனால் அங்கேயும் நூல் கட்டுவார்களே? அதனால் பி.டி. சார் தினமும் சாயந்திரம் அந்தக் காலி மனையில் உல்லன் நூலைக் கட்டி அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். முதல் நாள் எத்தனை தடவை ஓடவிட்டாலும் குனிந்தாள். இரண்டாம் நாள் நூலுக்கு முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், இது யாரோட நூலு?"

"யாரோடதும் இல்ல கண்ணு. அறுக்கிறதுக்குன்னே கட்டினதுங்க."

அப்படி ஒரு நூல் உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. திரும்பப் போய் ஓடி வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நெஞ்சால் அறுத்துவிட்டாள்!

நேற்று பி.டி. சாரைக் கடைவீதியில் பார்த்தேன். "பயிற்சி எப்படிப் போகிறது?" என்று கேட்டேன்.

"நல்லா ஓடுறாளுங்க. நல்லா அறுக்குறாளுங்க. ஒரே தொல்லை... அறுத்த உடனே திரும்பி வந்து, அந்த ரெண்டு நுனியையும் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுட்டுத்தானுங்க அடுத்த ஓட்டம் ஓடுறா. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாளுங்க" என்றார்.

வாலாஜாபாத்தில் மெடலோடு காத்திருக்கப் போகும் பெரியவர்களே — கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை முடிச்சுப் போட்டுவிட்டு வரும்.