எத்தனை கிழமை என்று கேளுங்கள்

துறைமுகத்தில் மரம் இறக்கும்போது வடம் அறுந்தது. என் வலது தொடையின் மேல் மரம் கிடப்பதை முதலில் கண்டேன். வலி சற்றுப் பிந்தியே வந்தது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் காலை இழுவையில் போட்டார்கள் (முறிந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி பாரம் கட்டி இழுத்து வைப்பது). காயம் சீழ்பிடித்துக் காய்ச்சலும் வந்தது. இப்படிப் படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வலியைவிடச் சும்மா கிடப்பது பொல்லாதது. கூரைச் சட்டங்களை எண்ணினேன். முடித்துவிட்டுத் திரும்பவும் எண்ணினேன்.

அந்த நாட்களில்தான் யுத்த விமானங்கள் வந்து பட்டினத்தில் குண்டு போட்டன. சனம் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி பாக்கியமும் தன் தமையனோடு ஈச்சிலம்பற்றில் உள்ள தகப்பன் வீட்டுக்குப் போனாள். பிறகு ஒரு கடிதமும் இல்லை.

டாக்குத்தர் வெள்ளைக்காரர். அவர் பேச்சைத் தமிழில் சொல்பவர், வாட்டில் வேலை செய்த அந்தோனி. காய்ச்சல் விட்ட அன்று டாக்குத்தர் என் தோளில் தட்டி ஏதோ சொன்னார்.

“காட்டை விட்டு வெளிய வந்திட்டீங்களாம்,” என்றார் அந்தோனி.

“நான் எப்ப காட்டுக்குள்ள போனனான்?”

“இங்கிலீஸ்காரர் சுகப்படுறதை அப்பிடித்தான் சொல்லுவினம். ஆபத்துத் தாண்டிட்டுது எண்டு வையுங்கோ.”

இன்னொரு நாள், கிழிந்த துணியைத் தைப்பதுபோல எலும்பு பொருந்தி வருகிறது என்றார். அதன்பின் ஒரு காலையில், “நேரமே செல்லாதாம். எழும்பிக் காலில நிண்டிடுவீங்களாம்.”

நேரமே செல்லாது என்றால், எனக்கு அது இன்றைக்கு என்றுதான் கேட்டது.

மத்தியானம் வாட்டில் வேலை செய்பவர்கள் சாப்பிடப் போனதும் பாரக்கயிற்றை அவிழ்த்தேன். இடது பாதம் தரையில் பட்டதும் குளிர்ந்தது. வலது காலை ஊன்றினேன். உள்ளே ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

டாக்குத்தர் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருந்து பேசினார்.

“ஒரு அடி பின்னுக்குப் போயிட்டீங்களாம்.”

“ஒரு அடி எண்டால் எத்தினை கிழமை? அதைக் கேளுங்கோ.”

அந்தோனி தயங்கிக் கேட்டார். டாக்குத்தர் நேராக என்னைப் பார்த்துச் சொன்னார். பதிலை அந்தோனி மெதுவாகத்தான் சொன்னார்.

“இன்னும் எட்டுக் கிழமை, ரெண்டு மாசம் எண்டு வையுங்கோ. கால் கொஞ்சம் கட்டையாகிடும். பழைய வேலை இனி ஏலாதாம்.”

சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். ஆனாலும் அன்று பின்னேரம்தான், எத்தனையோ நாளைக்குப் பிறகு, கொடுத்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

சீக்கிரம் சுகமாகிவிடும் என்று சொல்பவர்களைக் கோபிக்காதீர்கள். அது அவர்கள் பாஷையில் உள்ள அன்பு. அதை வாங்கிக்கொண்டு, எத்தனை கிழமை என்றும் கேளுங்கள்.

ஏழாவது கிழமை பாக்கியத்தின் தமையன் வந்தார்.

“மச்சான், பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். எப்ப வருவியள் எண்டு தங்கச்சி கேக்கிறாள்.”

“இன்னும் பன்ரெண்டு நாள்,” என்றேன்.

சொன்ன நாளில், கையில் தடியோடு வள்ளம் ஏறினேன்.

யுத்தம் இன்னும் முடியவில்லை. நான் இப்போது மாமன் வீட்டில் இருந்து, கிழிந்த வலைகளைப் பொத்துகிறேன். வலது கால் இரண்டு விரலளவு கட்டை. அந்தப் பக்கம் நிலம் சற்றுப் பள்ளமாகவே இருக்கிறது. காலையில் விழித்ததும் மனமும் இடது காலும் முந்திவிடுகின்றன. வலது கால் இளகும்வரை கட்டிலோரம் இருக்கிறேன். மகள் வாசலில் நின்று, வா வா என்று அவசரப்படுத்துகிறாள்.