துணி கட்டிய ஒயர்

"ஒரே தெருவுக்கு ரெண்டு பேர் கதவு நம்பர் போட்டுகினு போனா, போஸ்ட்மேன் எந்த வூட்டுக்குப் போவாரு?"

கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் ஜஸீமா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு எந்த வேலையிலும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. ஏதோ விடுகதை என்று சிரித்துவைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்படி இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கிறாரோ என்ற சந்தேகம் அவளுக்கு அப்போதே இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இது அவளுடைய கதை என்பதால் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

ராயபுரம் சந்துகளில் பகலில் ஆண்கள் வீட்டில் இருப்பது குறைவு. துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், ரயில்வே, எண்ணூர் தொழிற்சாலைகள் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். இன்டர்நெட் வரவில்லை என்று கம்பெனிக்குப் போன் போட்டால், ஆள் பகலில்தான் வருவான். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் முன்பின் தெரியாதவனை விட யாருக்கு மனசு வரும்? "சாயங்காலமா வாப்பா, அவரு வந்துடுவாரு" என்று வாசலோடு அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் அவன் வரமாட்டான். வீட்டில் லைனும் வராது.

இதைக் கவனித்துத்தான் ஜஸீமாவும் ரோஸ்மேரியும் தொழிலை ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பிறகு நெட்வொர்க் கோர்ஸுக்கும் சேர்ந்தே போனார்கள். ரோஸ்மேரி ஸ்கூட்டரை ஓட்டுவாள். ஜஸீமா பின்னால் கேபிள் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரம்மாவிடம் பேச்சுக் கொடுப்பது ரோஸ்மேரியின் வேலை. அந்தப் பேச்சு முடிந்து டீ வருவதற்குள் ஜஸீமா ஒயரை இழுத்து, ரூட்டரை மாட்டி, எல்லாவற்றையும் முடித்திருப்பாள். கல்மண்டபத்தில் தொடங்கி திருவொற்றியூர் வரைக்கும் அவர்களுக்குக் கதவுகள் திறந்தன.

அவர்கள் வேலை செய்த விதத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ரூட்டருக்குள் போய் அதன் அமைப்பை மாற்ற, வைஃபைக்குப் போடுவது போக, தனியாக ஒரு பாஸ்வேர்ட் வேண்டும். அவர்கள் மாட்டிய அத்தனை ரூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டைத்தான் வைத்தார்கள். இருவர் பெயரிலும் பாதிப் பாதி, கூடவே அவர்கள் படித்த வகுப்பறையின் எண். ஒரு வீட்டில் லைன் நின்றால், இருவரில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் போனிலிருந்தே உள்ளே போய்ச் சரிசெய்துவிடலாம். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சாவி" என்று ரோஸ்மேரி பெருமையாகச் சொல்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் மஜீது பாய் கட்டட வேலை வந்தது. துறைமுகம் போகும் சாலையில் அவருக்குச் சொந்தமான மாடிக் கட்டடம் அது. உள்ளே கன்டெய்னர்களுக்குக் காகித வேலை பார்க்கும் சின்னச் சின்ன அலுவலகங்கள். சரக்கின் விவரத்தை ஆன்லைனில் ஏற்றினால்தான் லாரி நகரும். எல்லா அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரு ரூட்டர், மாடிக்கு மாடி லைனை மேசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சுவிட்சு, கீழே ஓர் அறையில் எல்லோருடைய பில்களும் இருக்கிற சர்வர் என்று அமைத்துக் கொடுத்தது ஜஸீமாதான். பராமரிப்பும் அவர்களுக்கே என்று மஜீது பாய் வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

ஜஸீமாவுக்கு அந்தக் கட்டடம் வெறும் வேலை மட்டும் இல்லை. அவளுடைய அண்ணன் தவ்ஃபீக் அதை வைத்தே நிபந்தனை போட்டுவிட்டான்.

"மொட்ட மாடி மொட்ட மாடியா ஏறிகினு கீற. மாப்ள வூட்டுக்காரங்க கேட்டா நான் இன்னா சொல்றது? அந்த பில்டிங்கு நெலைச்சா செய். இல்லன்னா எல்லாத்தையும் மூட்ட கட்டி வெச்சிட்டு வூட்ல கெட."

"நெலைக்கும்" என்றாள் ஜஸீமா.

சில வாரம் நன்றாகப் போனது. அதன் பிறகு காலை வேளையில் ஒரு கோளாறு தொடங்கியது. ஒரு மேசையில் லைன் வரும், பக்கத்து மேசையில் வராது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகும். அடுத்த நாள் வேறொரு மேசையில் நிற்கும். ஜஸீமா வந்து சேர்வதற்குள் பாதி சரியாகியிருக்கும். ரூட்டரை மாற்றிப் பார்த்தாள், சுவிட்சை மாற்றிப் பார்த்தாள். ரோஸ்மேரி அவளோடு வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தாள்.

"இன்னாம்மா இது, தெனம் ஒரு பேஜாரு" என்றார் மஜீது பாய். "லாரிக்காரன் எண்ணூர் ரோட்ல நின்னுகினு எங்கள திட்றான். மேல வாடகைக்கு கீற அத்தினி பேரும் கீழ வந்து நிக்கிறாங்க."

"பாத்துகினேகீறேன் பாய்."

"பாத்துகினே இருந்தா போதுமா?"

இரண்டாம் மாடியில் குமாஸ்தாவாக இருந்த லூயிஸ் மட்டும் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "ஜஸீமா, இந்த ரூட்டருக்கு மந்திரிச்சி ஒரு கயிறு கட்டிடலாமா?"

"கட்லாம்ணே. மொதல்ல உங்க கம்ப்யூட்டருக்கு. நீங்க பாக்கிற படத்த நிறுத்தினாலே பாதி லைன் வந்துடும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மஜீது பாயும் பாதி அலுவலகமும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். கட்டடம் அமைதியாக அவள் கைக்கு வந்தது. அன்று லூயிஸின் கம்ப்யூட்டரில் லைன் நின்றிருந்தது. இந்த முறை அவள் அதை அணைத்துப் போடவில்லை. அது எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாள்.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். ஒரு கம்ப்யூட்டரை இணைத்ததும் அது "எனக்கு என்ன நம்பர்?" என்று கேட்கும். ரூட்டர் ஒரு நம்பர் கொடுக்கும். கூடவே, வெளியே போகும் வாசல் எது என்றும் சொல்லும். ஒரு நெட்வொர்க்கில் இப்படி நம்பர் கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால், யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாரோ அவர் பேச்சைத்தான் கம்ப்யூட்டர் நம்பும். லூயிஸின் கம்ப்யூட்டரில் இருந்த நம்பர் ஜஸீமாவின் ரூட்டர் கொடுத்தது இல்லை. வேறு யாரோ நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காட்டிய வாசலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. போனவர்கள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவள் சுவிட்சிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். இதை அவள் முன்னாலும் செய்திருந்தாள். ஆனால் ஒரே ஒரு ஒயரை மட்டும் ஒவ்வொரு முறையும் தொடாமல் விட்டிருந்தாள். அதன் நுனியில் ஒரு நீலத் துணி கட்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது, லைன் இருக்கிற வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்கு மொட்டை மாடி வழியாக ஒயர் போனது. யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. மஜீது பாயே பின் சந்து வீடுகளுக்குத் தன் கட்டடத்திலிருந்து விட்டார். அது அடுத்த வீட்டு லைன் என்று தெரிவதற்காக நுனியில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடுவோம். துணி கட்டிய ஒயரை யாரும் பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால் ஏதோ ஒரு குழந்தையின் பாடம் நிற்கும். கப்பல் வேலைக்குப் போன யாரோ ஒருவர் வீட்டோடு பேசும் பேச்சு நடுவில் அறுந்துபோகும்.

அன்று அவள் அதைப் பிடுங்கினாள். லூயிஸின் கம்ப்யூட்டரை மறுபடி நம்பர் கேட்க வைத்தாள். சரியான நம்பர் வந்தது. பழையபடி செருகினாள். சில முயற்சியில் தவறான நம்பர் திரும்பி வந்தது.

அந்த இரண்டாவது வாசலின் எண்ணை அதே கம்ப்யூட்டரில் அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. கடையில் வாங்கும்போது இருக்கிற பாஸ்வேர்டைப் போட்டாள். திறக்கவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், விரல் போன போக்கில் தன் பெயரில் பாதியையும் ரோஸ்மேரி பெயரில் பாதியையும் வகுப்பறை எண்ணையும் அடித்தாள்.

திறந்தது.

ஒயரைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டி மோட்டார் அறையில், பிளக்கில் செருகி, ஒரு சாக்குக்குப் பின்னால் சின்ன ரூட்டர் ஒன்று விளக்கு எரியக் கிடந்தது. அதைக் கழற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டு திருவொற்றியூருக்குப் பஸ் ஏறினாள்.

ரோஸ்மேரியின் அம்மா ஞானம் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒடம்பு எப்டி கீதும்மா?"

"எனக்கு இன்னாடி, கல்லு மாதிரி கீறேன். உள்ள போ, அவ இப்பதான் வேலயிலேர்ந்து வந்தா."

உள்ளே ரோஸ்மேரி புதுச் சட்டை போட்டிருந்தாள். நெஞ்சில் ஓர் இன்டர்நெட் கம்பெனியின் பெயர். ஜஸீமா பையிலிருந்த ரூட்டரை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். ரோஸ்மேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டிடி கண்டுபுட்ச்ச?"

"நம்ம பாஸ்வேர்ட போட்டேன். தொறந்துகிச்சி."

"கை தானா அத்த அடிச்சிட்ச்சி" என்றாள் ரோஸ்மேரி. அவள் முகத்தில் தெரிந்த வருத்தம் அதற்கு மட்டும்தான்.

"ஏன் ரோஸி?"

"ஏரியா லீடர் வேலடி. அந்த பில்டிங்க அவங்க லைனுக்கு மாத்தினாதான் குடுப்போம்னு சொல்ட்டாங்க. நீ ஒழுங்கா பாத்துகினு கீற வரைக்கும் பாய் மாறுவாரா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா வுட்ருப்பியா? நீ எப்டியும் கல்யாணம் கட்டிகினு போயிடுவ. உங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லிகினு கீறான். அப்பறம் நான் ஒண்டியா அந்த ஸ்கூட்டர ஓட்டிகினு சுத்தணுமா?"

"போறேன்னு நான் சொன்னனா? உங்கிட்ட என்னிக்காவது சொன்னனா?"

ரோஸ்மேரி கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"துணி ஏன்டி கட்ன?" என்று கேட்டாள் ஜஸீமா. அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது அதுதான்.

"எந்த ஒயர நீ தொடமாட்டன்னு எனக்குத் தெரியாதா?"

ஜஸீமா அங்கே அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மஜீது பாயிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் ரூட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவ வெச்சதுன்னு எத்த வெச்சி சொல்ற?"

"எங்க பாஸ்வேர்ட் பாய். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"அதான் நானும் கேக்கறேன். ரெண்டு பேருக்கும் தெரியும்னா, நீ வெச்சேன்னு நாளைக்கு அவ வந்து நிப்பா. கோளாற வெச்சதும் நீங்க, எடுத்ததும் நீங்கன்னு மேல கீறவங்க பேசுவாங்க. நான் யாரன்னு நம்பறது?"

"என்ன நம்புங்க பாய்."

அவர் கோபப்படவில்லை. "அவ கம்பெனிக்கும் குடுக்க மாட்டேம்மா. வேற ஆளப் பாத்துக்கறேன். நீ நல்லா இரு" என்று ரூட்டரை அவள் பக்கம் நகர்த்தினார்.

படியிறங்கும்போது லூயிஸ் பின்னாலேயே வந்தார். "பழைய சுவிட்சு பூட்ச்சின்னு ஒரு பீலா வுட்டிருந்தா முட்ஞ்சி போயிருக்குமேம்மா. உண்மைய யாரு கேட்டா?"

"சுவிட்சுன்னு சொல்லிட்டா வேல நெலைக்கும்ணே. ஆனா அந்தச் சாவி அவகிட்டயே கீது. அதால எத்தினி வூடு தொறக்கும்னு நெனச்சிப் பாருங்க. அவங்ககிட்ட உண்மைய சொல்லாம நான் எப்டி மாத்துவேன்?"

தவ்ஃபீக் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "சரி, வுடு. இனிமே வூட்ல இரு" என்று மட்டும் சொன்னான்.

"இருக்கேன். மொதல்ல ஒவ்வொரு வூடா போயி பாஸ்வேர்ட மாத்திட்டு வரேன்."

அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதிலிருந்து ஜஸீமா தனியாக, நடந்தே போகிறாள். போகும் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி, புது பாஸ்வேர்டை வீட்டுக்காரர்களையே போடச் சொல்லிவிட்டு, தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சில வீட்டில் டீ கொடுக்கிறார்கள். சில வீட்டில் கதவே திறப்பதில்லை. கல்மண்டபத்தில் சபீஹா என்ற அம்மா வாசல்படியிலேயே நிறுத்திக் கேட்டார்: "இத்தினி நாளா எங்க வூட்டுச் சாவி ரெண்டு பேர் கையில இருந்துச்சா? பொம்பளப் புள்ளைங்கன்னுதானே உள்ள வுட்டோம். ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சொல்லவில்லை என்று ஜஸீமா ஒத்துக்கொண்டாள். அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இன்னும் பல வீடுகள் பாக்கி. சிலர் வாடகை வீடு மாறி நெட்டுக்குப்பம், வள்ளூர் பக்கம் போய்விட்டார்கள். ரூட்டரையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அவர்களை ஜஸீமாவால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். படிக்கிறவர்கள் தயவுசெய்து வடசென்னையில் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஸ்கூட்டரில் இரண்டு பெண்கள் வந்து மாட்டிக் கொடுத்த ரூட்டர் யார் வீட்டிலாவது இருந்தால், வைஃபை பாஸ்வேர்டை மட்டும் இல்லை, ரூட்டருக்குள் போகும் பாஸ்வேர்டையும் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். புதிதாக வைப்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும், ஜஸீமாவே வந்து கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அப்படித்தான் சொல்லச் சொன்னாள்.