ராஜா குறி போட்ட ஒன்பது பலகை

எப்சிபா தன் புருஷனிடம் பதினோரு வருஷமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குப் பலகைத் தரை. பட்டு கேட்கவில்லை, பீங்கான் கேட்கவில்லை. அவள் புருஷன் ஆசகேல் மரம் அறுக்கிறவன். ஓடைத் தண்ணீரில் ஓடும் மர ஆலை அவனுடையது. ஊர்பட்ட வீட்டுக்கெல்லாம் பலகை அறுத்துக் கொடுத்தான். அவன் பெண்டாட்டி மட்டும் நியூ ஹாம்ஷயர் காட்டோரத்தில் மண் தரையில் குடித்தனம் நடத்தினாள். மார்ச்சில் பனி உருகினால் அடுப்புக்கு முன்னாலேயே தண்ணீர் ஊறும். அந்த ஈரத்தில் தவழ்ந்துதான் அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் நெஞ்சில் சளி கட்டிச் செத்தன. அடக்கத்துக்கு வந்த பாதிரியார் கடவுள் சித்தம் என்றார். எப்சிபா அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "சித்தமெல்லாம் இல்லீங்க, ஐயா. ஈரத் தரை."

காடு முழுக்க மரம் நிற்கும்போது இவனுக்கு என்ன கேடு என்று தோன்றும். மரம் நின்றது, அவனுடையதாக நிற்கவில்லை. ஓரடிக்கு மேல் தடித்த வெள்ளைப் பைன் எவன் நிலத்தில் முளைத்தாலும் அது லண்டனில் இருக்கிற ராஜாவுக்குச் சொந்தம். கப்பலுக்குப் பாய்மரம் வேண்டுமாம். மரக்காவல் அதிகாரி வருவான், அடிமரத்தில் கோடாரியால் மூன்று வெட்டுப் போடுவான், காக்கைக்கால் மாதிரி. அவ்வளவுதான், அந்த மரத்தை அப்புறம் முறைத்துப் பார்க்கலாம், தொடக்கூடாது. மிச்ச மரத்தை வெட்டவும் அவனுக்குக் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அறுத்த பலகையெல்லாம் அந்தக் கட்டணத்துக்கும் வரிக்குமே போனது.

அதற்குள் வேறு வரிகளும் கப்பலேறி வந்தன. முதலில் முத்திரைத் தாளுக்கு வரி. ஊர் கொந்தளித்ததும் அதை எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு, ஈயத்துக்கு, காகிதத்துக்கு, தேயிலைக்கு என்று போட்டார்கள். எங்களைக் கேட்டுப் போட்டார்களா? எங்கள் ஆள் ஒருத்தனாவது அந்த சபையில் உட்கார்ந்திருந்தானா? ஆண்கள் மதுக்கடையில் மேசையைத் தட்டித் தட்டிப் பேசிவிட்டு வருவார்கள். எப்சிபாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"காகிதத்துக்கு வரின்னா தொண்ட கிழியக் கத்துறீங்க" என்பாள் ஆசகேலிடம். "நம்ம வாசல்ல நிக்கிற மரம் நம்மளது இல்லங்கறான். அதுக்கு ஒருத்தனும் வாயத் தொறக்கக் காணோம். நீங்க எல்லாம் எழுதப் படிக்கவா பொறந்தீங்க?"

ஆசகேல் கோடாரியைத் தீட்டிக்கொண்டே கேட்பான். சாதுவான மனிதன். மரத்தோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதரோடு பேசாதவன்.

1771 கோடையில் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. டார்கஸ் என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும் எப்சிபா கோடாரியைக் கொண்டுவந்து புருஷன் மடியில் வைத்தாள்.

"இவளையும் சேத்துல விடமாட்டேன். நீங்க வெட்டுறீங்களா, நான் வெட்டட்டுமா?"

வாசலுக்கு எதிரே நின்ற பெரிய பைனை அவன் வெட்டினான். அறுத்ததில் ஒன்பது பலகை தேறின. ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் அகலம். அவ்வளவு அகலமான பலகையைப் பார்த்தாலே எந்த மரத்தில் வந்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அதனால் ஆசகேல் ஒவ்வொரு பலகையின் நடுவிலும் சின்ன இழைப்புளியால் நீளவாக்கில் ஒரு பொய்க்கோடு இழுத்தான். ஒன்பது பலகை பார்வைக்குப் பதினெட்டு ஆனது. அதன்மேல் எங்கள் பக்கத்து வழக்கப்படி எப்சிபா வெள்ளை மணலைத் தூவி, விளக்குமாற்றால் மீன்முள் மாதிரிக் கோலம் இழுத்தாள். பக்கத்துப் பண்ணை கெசியா வந்து பார்த்துவிட்டு, "யம்மா, இந்தத் தரையில நடக்கவா, கும்புடவா?" என்றாள். டார்கஸ் அதில் கவிழ்ந்தாள், நீந்தினாள், ஆறாம் மாதம் தவழ்ந்தாள். ஒரு இருமல் இல்லை.

ஜனவரியில் மரக்காவல் அதிகாரி லாம்ப்டன் பனிக்கு ஒதுங்குவதுபோல வீட்டுக்குள் வந்தான். எப்சிபா ஆப்பிள் மதுவைச் சூடாக்கிக் கொடுத்தாள். அவன் குடித்துக்கொண்டே தரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு பேனாக்கத்தியை எடுத்து ஒரு கோட்டில் குத்தினான். கத்தி பிடிவரைக்கும் இறங்கியது. அடுத்த கோட்டில் குத்தினான். நகக்கண் அளவுகூட இறங்கவில்லை.

"விசித்திரமான தரைம்மா" என்றான். "ஒண்ணு விட்டு ஒண்ணுதான் வாய் தொறக்குது."

குளிர்காலத்தில் அடுப்பு அனல் பட்டால் பலகை சுருங்கும், இணைப்புகள் விரியும். உண்மையான இடுக்கில் மணல் எல்லாம் கீழே இறங்கியிருந்தது. பொய்க்கோட்டில் மணல் அப்படியே நிரம்பி நின்றது. மரத்திலேயே பிறந்து வளர்ந்த ஆசகேலுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று பிற்பாடு ஊரே கேட்டது. எப்படித் தோன்றும்? அவன் அறுத்த பலகையின்மேல் மற்றவர்கள்தான் குளிர்காலம் கழித்தார்கள். தன் காலுக்குக் கீழே பலகை இருந்து ஒரு ஜனவரியை அவன் பார்த்தவனில்லை.

மறுநாளே ஆட்களோடும் வண்டியோடும் வந்தான் லாம்ப்டன். கடப்பாரை போட்டு ஒன்பதையும் பெயர்த்தார்கள். பறிமுதல் என்று ஒவ்வொன்றின் முனையிலும் கோடாரியால் மூன்று வெட்டுப் போட்டார்கள், ராஜா குறி. ஆலையில் மரம் அறுக்கிற வாளையும் கழற்றி வண்டியில் போட்டார்கள். எப்சிபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"புள்ளைய நான் எங்கய்யா எறக்கி விடுறது?"

"மடியில வெச்சுக்க" என்றான் லாம்ப்டன். "மடிக்கு ராஜா இன்னும் வரி போடல."

அவன் ஆட்கள் சிரித்தார்கள்.

ஆசகேல் கோடாரியால் கட்டைகளைப் பிளந்து தரையில் பரப்பிப் பார்த்தான். இடுக்கிலெல்லாம் சேறு பொங்கியது. மார்ச் மாதம் தண்ணீர் ஊறியது. டார்கஸுக்கு முதலில் சளி, பிறகு காய்ச்சல், பிறகு மூச்சு இழுத்தது. ஒன்பது நாளில் போய்விட்டாள். எப்சிபா அழவில்லை. கெசியா பயந்துபோய், "அழுதுரு அக்கா, உள்ள வெச்சா ஆகாது" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழுதா ஆறிப்போயிரும். ஆறக்கூடாது" என்றாள் எப்சிபா.

ஏப்ரலில் லாம்ப்டன் பக்கத்து ஊர்ச் சத்திரத்தில் தங்கியிருக்கிறான் என்று சேதி வந்தது. அவனால் மரம் பறிகொடுத்தவர்கள் இருபது பேர் விடியற்காலையில் எப்சிபாவின் வீட்டில் கூடினார்கள். அடையாளம் தெரியாமல் இருக்க முகத்தில் கரி பூச வேண்டும். புகைபோக்கியிலிருந்து கரியை வழித்து, ஒவ்வொரு முகத்திலும் எப்சிபாவே பூசினாள். கடைசியாகப் புருஷன் முகத்தில் பூசிவிட்டு, அடிப்பதற்குக் கையில் ஒரு மிலாறுக் குச்சியைக் கொடுத்தாள்.

"பலகைக்கு ஒரு அடி. ஒன்பது. பத்தாவது அடிச்சா நாம அவன மாதிரி ஆயிருவோம். எட்டோட நிறுத்துனா நீங்க வீட்டுக்கு வராதீங்க."

சாதுவான ஆசகேல் ஒன்பதும் எண்ணி அடித்தான். வழக்கு வந்தது. நீதிபதிகளும் வரி கட்டி நொந்தவர்கள்தானே, பேருக்கு ஒரு அபராதம் போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒரு கணக்குத் தீராமல் இருந்தது. எங்களுக்கு மரம், கரையோரத்தில் சர்க்கரைப்பாகுக்குப் போட்ட வரி, பாஸ்டனில் தேயிலை. அங்கே தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். அதற்குத் தண்டனை என்று ராஜா அந்தத் துறைமுகத்தையே பூட்டினான். பூட்டட்டும் என்று நாங்கள் அங்கே சோளமும் ஆடும் அனுப்பினோம். இங்கிலாந்துச் சரக்கு எதையும் இனி இறக்குவதில்லை என்று ஊர் ஊராகக் கமிட்டி போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.

எங்கள் ஊர்க் கமிட்டிக்குத் தலைவர் கர்னல் தாக்ஸ்டர். பெரிய கடைக்காரர், உள்ளூர்ப் படைக்கும் அவர்தான் தலை. ஆசகேல் இரண்டு வருஷம் பாடுபட்டு லண்டனிலிருந்து ஒரு புது வாள் வரவழைத்திருந்தான். அது வந்து இறங்கிய வாரம் கமிட்டி துறைமுகத்தில் நின்றது. கர்னல் வாளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்.

"எல்லாரும் கொஞ்சம் வலி தாங்கணும்பா" என்றார். "நாட்டுக்காக."

எப்சிபா அன்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சொன்னது நியாயம் என்று அவளுக்கே பட்டது, அதுதான் கொடுமை. மறுபடி மண் தரை.

1775 ஏப்ரலில் ராஜாவின் சிப்பாய்கள் லெக்சிங்டனில் குடியானவர்களைச் சுட்டார்கள். குதிரைக்காரன் சேதி கொண்டுவந்தது ஒரு பட்டப்பகலில். கர்னல் வீடு வீடாக வந்தார். எப்சிபாவின் வாசலில் நின்று, "நம்ம மரம் நமக்குன்னு ஆகணும்னா இப்பப் போகணும், ஆசகேல்" என்றார். ஆசகேல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். எப்சிபா தடுக்கவில்லை. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

ஆகஸ்டில் பெண் பிறந்தது. செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்களுக்குப் புதிதில்லை. இவளும் டார்கஸ். புருஷன் பாஸ்டனைச் சுற்றிப் போட்ட முகாமில் கிடந்தான். ஜனவரி வந்தது. குழந்தைக்கு ஐந்து மாதம், கையைக் காலை உதைத்து இறங்கப் பார்த்தது. எப்சிபா அதை மேசைமேல் கட்டிவைத்தாள், தொட்டிலில் கட்டிவைத்தாள், முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். எத்தனை நாளைக்கு? மார்ச்சுக்கு எட்டே வாரம்.

அந்தச் சமயத்தில்தான் முகாமுக்குக் கம்பளி சேர்க்கச் சொல்லிக் கமிட்டி கேட்டது. கமிட்டி வேலைக்கென்று கர்னல் ஊரிலேயே இருந்தார். எப்சிபாவும் கெசியாவும் இன்னும் பதினொரு பெண்களும் தாங்கள் நெய்த கம்பளிகளைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு கர்னல் வீட்டுக்குப் போனார்கள். அவர் கூடத்துக்குள் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அடுப்பு தகதகவென்று எரிந்தது. விடுதலை, தியாகம் என்று நன்றாகத்தான் பேசினார்.

எப்சிபா கீழே பார்த்தாள். பொழுது போகாமல் பார்த்ததுதான். தரையில் மணல். ஒரு கோட்டில் மணல் இறங்கி இடுக்கு விரிந்திருந்தது. அடுத்த கோட்டில் மணல் நிரம்பி நின்றது. அதற்கடுத்தது விரிந்திருந்தது. அதற்கடுத்தது நிரம்பியிருந்தது.

எழுந்து சுவரோரம் போனாள். காலால் மணலைத் தள்ளினாள். பலகையின் முனையில் மூன்று வெட்டு.

"கர்னல் ஐயா, இந்தத் தரை எங்க வாங்கினீங்க?"

பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அவர் முகம் போன போக்கே பதில். "அது... துறைமுகத்துல ஏலம் விட்டாங்கம்மா. பறிமுதல் மரம். நான் எடுக்கலேன்னா வேற எவனாவது எடுத்திருப்பான்."

"யார் வீட்டுப் பலகைன்னு தெரியுமா?"

கர்னல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியும்.

"எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, நம்ம மரம் நமக்குன்னீங்களே. இந்தத் தரையிலேர்ந்து எழுந்துதானே வந்தீங்க?"

"எப்சிபாம்மா, இது நமக்குள்ள சண்ட போடுற நேரமா? யுத்தம் முடியட்டும், ஒக்காந்து பேசுவோம்."

"எம்புள்ள மார்ச் மாசம் தவழப்போறா. மார்ச்சுக்குள்ள யுத்தம் முடியுமா?"

"ராஜாவோட மோதுற சமயத்துல..."

"ராஜா எடுத்தான், அவனோட மோதுறோம். நீங்க வாங்கினீங்க. ஒங்கள என்ன பண்றது?" அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. "கம்பளிய வெச்சுக்கங்க. அது எம்புருஷனுக்குப் போறது. நாற்காலிய விட்டு எந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கெசியா முதுகுப்பக்கம் போய் நாற்காலியைப் பிடித்தாள். "எந்திரிங்க கர்னல் ஐயா. எல்லாரும் கொஞ்சம் வலி தாங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

எழுந்தார். வேறு என்ன செய்வார்? அவர் படையெல்லாம் பாஸ்டனில். பதின்மூன்று பெண்கள் மேசையை நகர்த்தினார்கள், கடிகாரத்தை நகர்த்தினார்கள், கம்பளத்தைச் சுருட்டினார்கள். எப்சிபா அடுப்பிலிருந்த இரும்புக் கம்பியை முதல் இடுக்கில் செருகித் தன் உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் போட்டாள். ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. ஒன்பது பலகை. பக்கத்தில் வேறு நல்ல பலகைகளும் இருந்தன. அவற்றை ஒருத்தியும் தொடவில்லை. கம்பளி வந்த வண்டியிலேயே பலகை போனது.

அடுத்த நான்கு நாளில் எப்சிபாவும் கெசியாவும் அதைத் தரையில் பதித்தார்கள். கடைசி ஆணியை அடித்ததும் கெசியா இழைப்புளியைத் தேடினாள்.

"இந்த ராஜா குறிய இழைச்சு எடுத்துரலாமா அக்கா? பாக்கவே வயிறு எரியுது."

"வேண்டாம்."

"அப்ப மணலாவது தூவிருவோம்."

"மணலும் வேண்டாம். இனிமே யாருக்கு மறைக்கணும்?"

ஜூலையில் ராஜாவே வேண்டாம் என்று பிரகடனம் போட்டு, அதை எங்கள் ஆலய மண்டபத்தில் வாசித்தார்கள். வாசித்தவர் கர்னல்தான். ஊரே தொப்பியை வீசியது. எப்சிபா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுக்கக் கேட்டாள். நல்ல வார்த்தைகள், ஒவ்வொன்றும் அவளுக்குப் பிடித்திருந்தது. வாசித்து முடித்ததும் கர்னல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவள் பக்கம் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை, அவர்தான் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். டார்கஸ் முதல் பலகையிலிருந்து ஒன்பதாவது பலகைவரை நிற்காமல் தவழ்ந்தாள். போகும் வழியில் அந்த மூன்று வெட்டில் விரலை விட்டு நோண்டிப் பார்த்தாள். எப்சிபா அடுப்போரம் உட்கார்ந்தாள், நான்கு வருஷமாக அடக்கிவைத்த அழுகையை அழுதாள். கோபம் மட்டும் ஆறவில்லை.