இரண்டு கட்டடக்காரம்மாக்கள்

கதவு, பூட்டு, கீல், கைப்பிடி, தாழ்ப்பாள் என்று வாசலுக்கு வேண்டிய சகலத்தையும் மொத்தமாக விற்கிற கம்பெனி அது. அங்கே முன்மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டால், சம்பளப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் அவள் தங்கச்சி. விற்பனைப் பிரிவில் இருந்த அண்ணன்தான் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டார். முதல் நாளே "இது என் தங்கச்சி" என்று ஒவ்வொரு மேசையாக அழைத்துப்போய்க் காட்டினார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. முதலாளிக்குத் தங்கச்சி, லாரி ஓட்டுகிறவருக்குத் தங்கச்சி, கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு 'தங்கச்சி அக்கா'. அப்படிக் கூப்பிட வழியில்லாத ஒரே ஜீவன் அவள் புருஷன்தான். அவரும் அதே ஆபீசில், அண்ணனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாவம், அவர் "இந்தாம்மா" என்று சமாளித்துக்கொள்வார்.

அண்ணனும் புருஷனும் ஒரு காலத்தில் உயிர்ச் சிநேகிதர்கள். ஒரே பைக்கில் போய், ஒரே டீயை இரண்டு கிளாசில் ஊற்றிக் குடித்தவர்கள். அந்தப் பாசத்தில்தான் அண்ணன் தங்கையையே கொடுத்தார். கொடுத்த மறுநாள் பிடித்தது சனி. நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள் "வாங்க மாப்பிள்ளை", "சொல்லுங்க மச்சான்" என்று ஆனார்கள். மரியாதை வந்தது, சிநேகம் போயிற்று. பெண் கொடுத்தவன் பெரியவனா, கட்டியவன் பெரியவனா என்பதை எப்படித் தீர்ப்பது? யாரிடம் பெரிய வாடிக்கையாளர் இருக்கிறாரோ அவர் பெரியவர் என்று இரண்டு பேரும் சொல்லாமலே முடிவு செய்துகொண்டார்கள். பிறகென்ன, வருஷக்கணக்காக ஏட்டிக்குப் போட்டிதான்.

இந்த லட்சணத்தில்தான் முதலாளி ஒரு நாள் எகிறிக் குதித்துக்கொண்டு வந்தார். புது விலைப்புத்தகத்தை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். ஒரு தச்சர் தமக்கு வந்த நாலு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு நேரில் வந்து, "என் ஒருத்தனுக்கு எதுக்கய்யா இத்தனை? அடுப்பெரிக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் அவர் பெயர் நாலு இடத்தில் இருந்தது. 'தச்சர்', 'தச்சர் பழைய நம்பர்', 'தச்சர் இவர்தான் சரியானவர்', 'தச்சர் மேலே உள்ளதை நம்பாதே'. யார் போட்டது என்று கேட்டால் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"திங்கட்கிழமை புது சாப்ட்வேர் வருது. அதுக்குள்ள ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான் இருக்கணும். தங்கச்சி, நீதான் இதைச் சுத்தம் பண்ணணும்" என்றார் முதலாளி.

தங்கச்சிக்கு உள்ளூரச் சந்தோஷம். வீட்டில் ஜோடி சேராத காலுறையைப் பார்த்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. இப்போது இருக்கிற சாப்ட்வேரே ஒரே மாதிரியான இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இந்தப் பக்கத்தில் எது சரி, அந்தப் பக்கத்தில் எது சரி என்று குறியிட்டுவிட்டு 'ஒன்றாக்கு' என்ற பொத்தானை அமுக்கினால், இரண்டும் ஒன்றாகிவிடும். எந்தப் பதிவு நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அதில் சேர்த்துவிட வேண்டும் என்று சாப்ட்வேர்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் தச்சரை ஒன்றாக்கினாள். வீட்டு நம்பரில் ஒன்றும் கடை நம்பரில் ஒன்றுமாக இருந்த பெயின்டரை ஒன்றாக்கினாள். செத்துப்போனவர் என்று ஒரு பதிவிலும், போன வாரம் பூட்டு வாங்கினார் என்று இன்னொரு பதிவிலும் இருந்தவரைப் போன் போட்டு விசாரித்து, உயிரோடு ஒன்றாக்கினாள். கை தானாக ஓடியது, வாய் பாட்டை முணுமுணுத்தது.

கட்டடக்காரம்மாவின் பதிவு வந்ததும் பாட்டு நின்றுவிட்டது.

கட்டடக்காரம்மா என்பவர் அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கிற பெண்மணி. கம்பெனியின் ஆகப் பெரிய வாடிக்கையாளர். அவரும் இரண்டாக இருந்தார். பெயர், முகவரி, நம்பர் எல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் மட்டும் ஒரு பதிவில் அண்ணன் பெயர், இன்னொன்றில் புருஷன் பெயர். அந்தக் கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். திங்கட்கிழமைக்குப் பிறகு பொறுப்பாளர் யாரோ அவர்தான் அந்த வாடிக்கையாளரைப் போய்ப் பார்க்கலாம், மற்றவர் வாசலை மிதிக்கக் கூடாது.

இது எப்படி நடந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். கட்டடக்காரம்மா எப்போதும் முன்மேசைக்குத்தான் போன் செய்வார். வேண்டியதைக் கேட்டு, யோசனை சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைப்பாள் தங்கச்சி. அண்ணனோ புருஷனோ, அன்றைக்கு யார் முதலில் மேசைப் பக்கம் வருகிறாரோ அவர் சீட்டை உருவிக்கொண்டு போய்த் தம் வாடிக்கையாளர் என்று பதிந்துகொள்வார்.

புருஷன் பெயரை வைத்துக்கொண்டால் அண்ணன் வீடு போய்விடும். பள்ளி விட்டதும் அவள் மகள் போய் இருப்பது அங்கேதான். அண்ணி தன் பிள்ளைகளோடு சேர்த்து அவளுக்கும் தலை பின்னி, வீட்டுப்பாடம் பார்த்துக் கொடுப்பாள். அண்ணன் பெயரை வைத்துக்கொண்டால் தன் வீடே போய்விடும். புருஷன் கோபக்காரர் இல்லை, அதற்கும் மேல்: பேசாமல் இருப்பவர். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு மாசத்தைத் தள்ளிவிடுவார். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போய்விடும் என்று கையைப் பிசைந்துகொண்டு, அவள் கட்டடக்காரம்மாவைக் கடைசிக்குத் தள்ளிவைத்தாள்.

விஷயம் அதற்குள் கசிந்துவிட்டது. நிறைவான பதிவுதான் நிற்கும் என்பதும் கசிந்துவிட்டது. அவ்வளவுதான், இரண்டு பேரும் பதிவை ரொப்ப ஆரம்பித்தார்கள். மறுநாள் காலையில் அண்ணன் பதிவில் புதிதாக ஒரு வரி: 'டீயில் சர்க்கரை பாதி.' மதியம் புருஷன் பதிவில்: 'டீயில் சர்க்கரை கூடவே கூடாது.' அண்ணன், 'வீட்டில் நாய் உண்டு, கடிக்காது' என்று போட்டார். புருஷன், 'நாய் கடிக்கும், ஜாக்கிரதை' என்று போட்டார். ஒருவர் அந்தம்மாவுக்குப் பச்சை நிறம் பிடிக்கும் என்றார். இன்னொருவர் பச்சையைக் கண்டாலே ஆகாது என்றார். அடேயப்பா, பெண் பார்க்கப் போனபோதுகூட இவர்கள் இத்தனை விசாரித்திருக்க மாட்டார்கள்!

வீட்டிலும் நிம்மதி இல்லை. "நான் ஒண்ணும் சொல்லலை. உனக்கே தெரியும் எது நியாயம்னு" என்றார் புருஷன், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு. மகளைக் கூட்டிவரப் போன இடத்தில், "நான் எதுவும் கேக்க மாட்டேன்மா. உன்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவன் யாருன்னு மட்டும் யோசிச்சுக்கோ" என்றார் அண்ணன். ஒன்றும் சொல்லாமலும் எதுவும் கேட்காமலும் இரண்டு பேரும் அவள் உயிரை வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை, மிச்சம் இருந்தது அந்த ஒரு பதிவுதான். தங்கச்சிக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. யாருக்கும் இதுவரை தோன்றாத யோசனை: கட்டடக்காரம்மாவையே கேட்டால் என்ன? மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் போன் போட்டாள்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். உங்க பேர் எங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு தடவை இருக்கு, ஒண்ணாக்கணும். எங்க ஆபீஸ்ல நீங்க யார்கிட்டம்மா பேசுவீங்க?"

"இது என்ன கேள்வி? உங்ககிட்டத்தான்."

"அது சரிம்மா, நான் சும்மா போன் எடுக்கிறவ. விற்பனைக்குன்னு உங்களை வந்து பாக்கறவங்க யாருன்னு கேக்கறேன்."

"ரெண்டு பேர் வருவாங்க. பேரெல்லாம் ஞாபகம் இல்ல. போன்ல 'வரேன்னவர் ஒண்ணு', 'வரேன்னவர் ரெண்டு'ன்னு போட்டு வச்சிருக்கேன். வரேன்னு சொன்ன நாள்ல ரெண்டு பேரும் வந்ததில்ல. வந்தா டீ குடிச்சுட்டுப் போவாங்க. குளியலறைக்கு அந்தக் கீலைப் போடாதீங்க, துருப்பிடிக்கும்னு சொன்னது யாரு? நீங்க. மூணாவது மாடிக்குப் பூட்டெல்லாம் மாறி வந்துடுச்சுன்னு நான் கத்துனப்போ, அன்னிக்கே மாத்தி அனுப்புனது யாரு? நீங்க. அப்புறம் என்னை யாரைச் சொல்லச் சொல்றீங்க?"

"என்னை எப்படிம்மா போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் தங்கச்சி.

"'கேட்டா சொல்றவங்க'ன்னு. நாளைக்குக் காலையில முடிஞ்சா ஒரு எட்டு வாங்களேன். புதுசா ஒரு கட்டடம் ஆரம்பிக்கிறேன். எல்லாக் கதவையும் உங்களோட நின்னு பாக்கணும்."

போனை வைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இரண்டு தடியர்கள் மீதும் வந்தது. அவர்களைவிடத் தன் மீது வந்தது. ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டு அண்ணனா, புருஷனா என்று தராசு பிடித்தாளே, மூன்றாவதாக ஒரு ஆள் இருப்பது அவள் புத்திக்கே எட்டவில்லையே! கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு 'பொறுப்பாளர்' கட்டத்தைத் திறந்தாள். அதில் விற்பனைப் பிரிவு ஆட்கள் பெயர் மட்டுமே வரிசையாக இருந்தது. அவள் நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், பொறுப்பாளர் பட்டியல்ல ஒரு பேர் சேர்க்கணும்."

"யாரும்மா? புதுசா யாரையாவது வேலைக்கு எடுத்துட்டேனா?"

"பழைய ஆள்தான் சார். நான்தான்."

போனில் கேட்டதை அப்படியே சொன்னாள். 'வரேன்னவர்' சமாச்சாரத்தை மட்டும் மென்று விழுங்கிவிட்டாள். என்ன இருந்தாலும் சொந்தம். முதலாளி வாயைப் பிளந்தார். அவருக்கு நியாயம் புரிந்ததோ இல்லையோ, மச்சானும் மாப்பிள்ளையும் மாறி மாறித் தம் அறைக்கு வந்து அழுவதிலிருந்து தப்பிக்க வழி கிடைத்தது நன்றாகப் புரிந்தது. உடனே கம்ப்யூட்டரை இழுத்துவைத்துக்கொண்டு, பட்டியலைத் திறந்து, பெயரை அடிக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"ஆமா, உன் பேர் என்னம்மா?"

அவள் சொன்னாள். முதலாளி அடித்தார். அவள் மேசைக்குத் திரும்பிவந்து, கட்டத்தில் தன் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'ஒன்றாக்கு' என்பதை அமுக்கினாள். இரண்டு கட்டடக்காரம்மாக்களும் ஒரே கட்டடக்காரம்மா ஆனார்கள். நாய் கடிக்குமா கடிக்காதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வரியையும் விட்டுவைத்தாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் இரண்டு பேர் காதுக்கும் போய்விட்டது. வீட்டில் புருஷன் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பக்கமே புரட்டவில்லை. அண்ணன் போன் வந்தது.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. செய்தித்தாள் சட்டென்று இறங்கியது. "அதையேதான் நானும் கேட்டேன். சொல்லு மச்சான்கிட்ட" என்றார் புருஷன். அவர் வாயைத் திறந்து எதையும் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

"நீங்களே சொல்லுங்க" என்று போனை அவர் கையில் திணித்துவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

முதலில் "சொல்லுங்க மச்சான்" என்று விறைப்பாகத்தான் ஆரம்பித்தார். சற்று நேரத்தில், "அதானே! நம்ம ரெண்டு பேரையும் ஒரு பொருட்டா மதிச்சாளா பாருங்க" என்று குரல் ஏறியது. அப்புறம் எழுந்து நடந்துகொண்டே பேசினார். அப்புறம் சிரிப்புச் சத்தம். "டேய், அந்த நாயை நீ நிஜமாவே பாத்தியாடா? நான் பாக்கவே இல்லடா, சும்மா அடிச்சு விட்டேன்!" மகள் ஓடிவந்து, "அப்பா மாமாவை டேய்ங்கறாரும்மா" என்று ரகசியம் சொன்னாள். தங்கச்சிக்குச் சந்தோஷம்தான். அதே சமயம் இரண்டு பேரையும் நிற்கவைத்து நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை வருஷமாக இவர்களைச் சேர்த்துவைக்க அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். கடைசியில் அவளைத் திட்டுவதற்காகத்தான் சேர வேண்டுமா?

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்து இறங்கி, அவள் மேசை முன்னால் வந்து நின்றார்கள். அண்ணன்தான் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா, ஆனது ஆச்சு. நாங்க பேசிக்கிட்டோம். பொறுப்பு உன் பேர்லயே இருக்கட்டும். இன்னிக்கு அந்தம்மாவைப் பாக்க எங்க ரெண்டு பேர்ல யாரு போகட்டும், அதை நீயே சொல்லிடு."

"யாரும் வேணாம் அண்ணா. நான் போறேன்" என்றாள் தங்கச்சி, கைப்பிடி மாதிரிகளைப் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டே. "இத்தனை வருஷமா குரலைத்தான் கேட்டிருக்கேன். முகத்தைப் பாக்கணும்."

"அப்போ இந்த மேசையை யாரு பாத்துக்குவா?" என்றார் புருஷன்.

அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அண்ணனுக்கு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும்தான். போன் அடிச்சா எடுங்க. என்ன வேணும்னு பொறுமையாக் கேளுங்க."

"கேட்டுட்டு?" என்றார் புருஷன், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. யாரு பேசினாலும் சரி, வரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."