பை மேலே, ஆள் கீழே

அந்த ஆம்புலன்ஸ் நர்ஸுக்குக் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பிளாஸ்திரி அக்கா. நோயாளியின் நெஞ்சில் போட்ட டியூப் வழியில் உருவிக்கொண்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. அதனால் வியர்வையைத் துடைத்து, தையலுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி, நெஞ்சுக்குள் தேங்கும் காற்றை வாங்கிக்கொள்கிற பையோடு டியூப் சேருகிற இணைப்பையும் விடாமல் சுற்றுவாள். "அக்கா ஒட்டினா ஆளைத்தான் கழட்டணும்" என்பான் டிரைவர். அவளுக்கு அதில் பெருமைதான்.

அன்று, ஏணியிலிருந்து விழுந்த ஒரு தச்சர். விலா உடைந்து நுரையீரல் சுருங்கியிருந்தது. மூன்றாம் மாடியில் அவர் வீட்டிலேயே டியூப் போட்ட டாக்டர், வண்டியைத் தயார் செய்யப் படியில் இறங்கினார். தச்சரின் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே போனாள். கம்பிக்கதவு போட்ட பழைய லிஃப்டில் சக்கர நாற்காலியும் நர்ஸும்தான் நுழைய முடிந்தது. நாற்காலியைத் திருப்ப இரண்டு கையும் வேண்டுமே என்று பையை, மாடியோடு நின்றுவிடுகிற வெளிக்கதவின் கொக்கியில் மாட்டியவள், எடுக்க மறந்து கதவுகளைச் சாத்திவிட்டாள். கீழே யாரோ பொத்தானை அமுக்க, லிஃப்ட் இறங்கியது. பை மேலேயே நின்றது.

டியூப் விறைத்ததைப் பார்த்துச் சிவப்புப் பொத்தானில் ஓர் அறை விட்டாள். லிஃப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றது. அதன்பின் எந்தப் பொத்தானுக்கும் மசியவில்லை.

"ஏம்மா நின்னுடுச்சு?"

"அசையாதீங்கண்ணே. பையை மேலயே விட்டுட்டேன். என் தப்புதான்."

மேலே பார்த்துக் கூப்பிட்டாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. லிஃப்ட் இன்னும் கொஞ்சம் இறங்கினால் டியூப் நெஞ்சிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். இணைப்பைக் கழற்றியாக வேண்டும். கத்தரிக்கோலோ டாக்டரின் பெட்டியில். நகத்தால் சுரண்டினாள், பிளாஸ்திரியின் நுனி அகப்படவில்லை. பல்லால் கடித்தாள். பாவி, எத்தனை சுற்று சுற்றித் தொலைத்திருக்கிறாள்! பயத்தில் அழுகை வந்தது, அழுதுகொண்டே கடித்தாள்.

ஒரு வழியாக இணைப்பு கழன்றது. ஆனால் டியூப்பின் வாய் இப்போது திறந்து கிடக்கிறதே! திறந்தே விட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும், அடைத்தே வைத்தால் உள்ளே சேர்ந்த காற்று நெருக்கும். தச்சர் மூச்சை இழுக்கும்போது கட்டைவிரலால் அடைத்தாள், விடும்போது திறந்தாள்.

"டியூப் பத்திரமா?" கீழிருந்து டாக்டர் கத்தினார்.

"என் கையில இருக்கு சார். லிஃப்ட் ரிப்பேர் பண்ற ஆள் எங்க?"

"கிளம்பிட்டானாம்."

கிளம்பிட்டானாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? விரல் மரத்துப்போய் நடுங்க ஆரம்பித்தது. கை மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்த நெருக்கடியில் திரும்பக்கூட இடமில்லை.

தச்சர் அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கை வலிச்சா சொல்லும்மா," என்றார். "நான் கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருக்கேன்."