சுவரில் வந்த நடுக்கம்

புகையானுக்கு ஒரு முகம் உண்டு என்பதை அந்த வருஷம்தான் பார்த்தேன். நெல் தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. ஒரு அரிசி அளவுகூட இருக்காது. ஆனால் அது இறங்கிய வயல் நெருப்பு வைத்ததுபோல வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். எங்கள் சம்பா அப்படித்தான் போனது. கல்யாணம் காட்சி என்றால் மட்டும் குடித்துக்கொண்டிருந்த அப்பா, அதற்குப் பிறகு பல் விளக்கியதும் குடிக்க ஆரம்பித்தார்.

அம்மாவின் தங்கை அப்போது எங்களோடுதான் இருந்தாள். மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டு, அந்தப் பூச்சியைப் பற்றியே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். எங்களைக் கெடுத்த பூச்சியைச் சித்தி குப்பியில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து படம் பிடித்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பா மட்டும் ஒருநாள் வந்து லேப்டாப் திரையைப் பார்த்தார். திரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு சிவந்த கண் இருந்தது. “இந்த மூஞ்சிதானா?” என்றார். வெளியே போய்விட்டார்.

அவ்வளவு பெரிதாகப் பூச்சியைக் காட்ட வேண்டுமானால், கேமராவுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருக்கும். அந்தத் தூரத்தில் யாராவது நடந்தால்கூடப் படத்தில் தெரியும். பூச்சிக்கு இரண்டு கண்ணுக்குப் பதில் நாலு கண் விழும். மேசையில் வைத்துப் பார்த்துச் சலித்த சித்தி, கடைசியில் சுவரில் பதித்திருந்த கடப்பைக்கல் அலமாரியில் கேமராவை இறுக்கினாள். தரை அதிர்ந்தாலும் கல் அதிராது என்பது அவள் கணக்கு. பொத்தானைக் கையால் தொடமாட்டாள். டைமர் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நானும் நிற்பேன். மின்விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் நிறுத்தப்படும். மன்னார்குடி பஸ் தெருவைக் கடந்து போகும்வரை காத்திருப்போம். எங்கள் வீட்டில் அந்த அளவு அமைதி வேறு எதற்காகவும் இருந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை அம்மா அப்பாவை ஒரு கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டிக் கூட்டிவந்தாள். இனிமேல் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லிக் கட்டிக்கொள்ளும் கயிறு. அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். மறுநாள் அப்பா டம்ளரைப் பிடித்தபோது காபி சிந்தியது. “ஒடம்புலேருந்து அது எறங்குதுல்ல, அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றாள் அம்மா. எல்லோரும் அதையே நம்பினோம். அப்பாவும் நம்பினார்.

சனிக்கிழமை அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு. அவள் அங்கே ஆசிரியை. சித்தி காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஆனால் ஒரு படமும் சரியாக வரவில்லை. செத்த பூச்சியின் கால் முடிகள் திரையில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. விசிறியை நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. தெருவில் பஸ்ஸும் இல்லை.

“எங்கேருந்துடி வருது இது?” என்று சித்தி என்னைத்தான் கேட்டாள்.

நான் சுவரில் காதை வைத்தேன். உள்ளே யாரோ நகத்தால் தட்டுவதுபோல டிக் டிக் என்று கேட்டது. அடுத்த அறைக்கு ஓடினேன். அப்பா இரும்புக் கட்டிலில், அந்தப் புழுக்கத்தில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். உடம்பு மொத்தமும் உதறிக்கொண்டிருந்தது. கட்டிலின் தலைமாட்டுக் கம்பி சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது.

“சித்தி, அப்பாதான்” என்று கத்தினேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

சித்தி வாசற்படியில் வந்து நின்றாள். “என்ன மாமா, குளிருதா?”

“லேசா குளிருது. ஒன் படம் கெட்டுப்போவுதாம்மா? நான் வேணா கூடத்துல போயி படுத்துக்கறேன்” என்று எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

“நீங்க படுங்க மாமா. கட்டிலத்தான் கொஞ்சம் நகத்தணும்.”

அப்பா படுத்திருக்கும்போதே இருவருமாகக் கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்தோம். பழைய சைக்கிள் டியூபைச் சித்தி துண்டுகளாக வெட்டித் தர, ஒவ்வொரு கால் அடியிலும் நான் செருகினேன். அப்பா எங்களுக்கு உதவியாக அசையாமல் இருக்க முயன்றார். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சித்தி இன்னொரு போர்வை கொண்டுவந்து போர்த்தினாள்.

மத்தியானம் படங்கள் கண்ணாடிபோல வந்தன. கால் முடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். போர்வையை உதறிக்கொண்டிருந்தார். “புகையான் ஏறுது பாப்பா. மேலெல்லாம் ஏறுது. எடுத்துப் போடு.”

போர்வையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பூச்சிகூட இல்லை. சொன்னேன். அவர் கேட்கவில்லை. சட்டைமேல் எதையோ கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டார். சித்தி ஓடிப்போய்த் தன் குப்பியைப் பார்த்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அவள் குப்பியோடு திரும்பி வருவதற்குள் அப்பாவின் முதுகு வில்லாக வளைந்தது. வாயில் நுரை தள்ளியது.

ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் போனோம். அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பா இறந்துபோனார். தினம் குடிக்கிறவர் சட்டென்று விட்டால் உடம்பு அப்படித் திருப்பி அடிக்கும் என்பதும், டாக்டரிடம் காட்டி மருந்தோடுதான் விடவேண்டும் என்பதும் பின்னாளில் எனக்குத் தெரியவந்தது. சித்தி அன்றைக்கே தெரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் சனிக்கிழமை சாயங்காலம், அம்மா வருவதற்கு முன்னால், ஒரு இளம் டாக்டர் வராந்தாவுக்கு வந்து எங்களிடம் கேட்டார். “குடிய எப்ப நிறுத்துனாரு?”

“வியாழக்கெழம” என்றாள் சித்தி.

“கை கால் நடுக்கம் இருந்துச்சா? யாரும் கவனிச்சீங்களா?”

தெரிந்த பதில் என்பதால் நான் முந்திக்கொண்டேன்.

“காலையில ரொம்ப இருந்துச்சு சார். சுவரெல்லாம் ஆடுச்சு. நாங்க கட்டில நகத்தி ரப்பர் வெச்சோம். அப்புறம் நின்னுடுச்சு.”

டாக்டர் என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். நான் எத்தனாவது படிக்கிறேன் என்று கேட்டார். அஞ்சாவது என்றேன். தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சித்தி சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாளெல்லாம் நின்றதில் கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, நான் பெஞ்சில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.