ரபீக்கா மிஸ்ஸின் காரில் ‘கவனம்’ கிடையாது

வெள்ளவத்தையில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்கும் ரபீக்கா மிஸ்ஸுக்கு ஆகாத ஒரே சொல் ‘கவனம்’. எங்கள் வீடுகளில் அதைச் சொல்லாமல் யாரையும் வாசல் தாண்ட விடுவதில்லை. மிஸ்ஸோ, “அந்தச் சொல்ல வெளியில வெச்சிட்டு ஏறுங்க” என்பார்.

காரணம் அவருடைய கணவர். கல்யாணமான புதிதில் அவர்தான் மிஸ்ஸுக்குப் பழக்கினார். தெஹிவளை ஒழுங்கையொன்றில் ஒரு நாய் குறுக்கே ஓட, “கவனம், கவனம்!” என்று கத்தினார். பிரேக் போடுவதா, ஹோர்ன் அடிப்பதா, எந்தப் பக்கம் வெட்டுவது? ஒன்றும் சொல்லவில்லை. கார் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கியது. “ஒனக்கு இது சரிவராது” என்று மனுஷன் அதோடு முடித்துவிட்டார். மிஸ் விடுவாரா? வேறோர் இடத்தில் பழகி லைசன்ஸ் எடுத்து, அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

“கவனம் எண்டா, எனக்குப் பயமா ஈக்கி எண்டு அர்த்தம். கையும் காலும் என்ன செய்யணும் எண்டு அதில ஈக்கா?” என்று கேட்பார்.

மிஸ்ஸிடம் பழகும் எனக்கு வாய்த்தவரும் அதே ரகம். என் கணவர் விஷ்வா அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார். லைசன்ஸ் ட்ரையலில் நான் ஏற்கெனவே கோட்டை விட்டவள். இம்முறையும் விட்டால் கார் அவருடைய தம்பிக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ட்ரையலன்று நான் ஓட்டிப்போன மிஸ்ஸின் காரில் விஷ்வாவும் பின்னால் தொற்றிக்கொண்டார். காலி நகருக்குப் போகும் வீதியில் ஒரு த்ரீவீல் திடீரென்று உள்ளே வெட்டியது. “தாரிகா, கவனம்!” என்று அலறினார். எனக்குக் கால் விறைத்துவிட்டது.

“பிரேக்,” என்றார் மிஸ், கீரை விலை கேட்கிற குரலில். மிதித்தேன். நின்றது.

மிஸ் பின்னால் திரும்பினார். “தம்பி, இறங்குங்க. வீட்டுக்குப் போய் உங்கட காரை எடுத்துட்டு வாங்க.”

“மிஸ், நான் அவவின்ட நன்மைக்குத்தானே…”

“தெரியும். இறங்குங்க.”

இறங்கினார். மிஸ்ஸைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

பாஸ் என்று சொன்னதும் அழுதுவிட்டேன். வெளியே எங்கள் காரோடு காத்திருந்த விஷ்வாவுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. “கெட்டிக்காரி! வா, வீட்டுக்கு நான் கார் ஓடுறன்,” என்றார்.

“இல்லை. கார்த் திறப்பைத் தாங்கோ.”

தந்தார். பக்கத்தில் ஏறி இருந்தார். வெள்ளவத்தை வரும்வரை வாயே திறக்கவில்லை. தன் காலடியில் இல்லாத பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தார்.